ஒருமுறை நுழைவு

2025 ஜனவரி 25, சனிக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். பதின்மூன்று டிகிரி குளிர். ஷார்ஜா முழுக்க மூடுபனி. எதிர்க் கட்டடத்துக்கு மூன்றாவது மாடிக்கு மேல் எதுவுமே கட்டாததுபோல் இருந்தது. எல்லோருக்கும் முன்பாக நான் பைகளோடு இறங்கி, மணல் திடலில் நிறுத்தியிருந்த மகனின் காருக்குப் பக்கத்தில் நின்றேன். திடீரென்று அது விளக்கெரிந்து உறுமத் தொடங்கியது. உள்ளே ஆளில்லை. ஏழாவது மாடியில் பல் துலக்கிக்கொண்டே என் மகன் பெலிக்ஸ் கைப்பேசியை அழுத்தியிருக்கிறான். ஆள் ஏறும் முன்பே வண்டி கிளம்பத் தயாரானதைக் கண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். எதைக் கண்டாலும் நான் பதறுவது வீட்டில் பழகிப்போன வேடிக்கை. பைகளை எண்ணினேன், ஆறு. பாஸ்போர்ட் நான்கு. ஓமான் விசாத் தாள் நான்கு. மறுபடி பைகளை எண்ணினேன்.

“இன்னும் எண்ணி முடியலையா மாமா?” என்று மருமகள் ஷீபா சிரித்துக்கொண்டே வந்தாள். “எறங்கும்போ எங்களையும் ஒருக்கா எண்ணிக்கிடுங்க.”

எண்ணுவதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில், பிறகு அதே கம்பெனியின் அல் ஐன் கிளையில், கடைசியாக ஷார்ஜாவில் என்று முப்பத்தேழு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஆணி, பைப், கையுறை, தலைக்கவசம் எல்லாம் என் விரலைத் தாண்டித்தான் சைட்டுக்குப் போகும். என் மனைவி ரெஜினா நர்ஸ். இருவருக்கும் ஊர் உவரி. நான்கு வருடங்களுக்கு முன்பு, கொரோனா காலத்தில், இதே ஜனவரி 29ஆம் தேதி அவள் இறந்தாள். அந்த நோயில் போனவர்களை அப்போது ஊருக்கு அனுப்பவில்லை. ஷார்ஜாவிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் முழுக்க மூடிய உடையணிந்த நான்கு பேர் அவளை இறக்கியதை நானும் பெலிக்ஸும் தூரத்தில் நின்று பார்த்தோம். அடுத்த வருடம் எனக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்தால் விசா முடிந்தது. விசா முடிந்தால் ஆள் கிளம்ப வேண்டியதுதான். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்: அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் யாரும் குடியேறுவதில்லை, தங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த முறை நான் இரண்டு மாத விசிட் விசாவில் வந்திருந்தேன். பெட்டியில் துணிமணி குறைவு. ஒன்பது கிலோ எடையுள்ள ஒரு கருங்கல் பலகைதான் பெரும்பகுதி. ரெஜினாவின் கல்லறையில் ஒரு எண்ணும் ஆங்கிலத்தில் பெயரும் மட்டுமே இருந்தன. தூத்துக்குடியில் ஒரு கல்வெட்டுக்காரரிடம் தமிழில் இரண்டே வரி வெட்டி வாங்கினேன். மேல் வரியில் ‘ரெஜினா’, கீழ் வரியில் ‘உவரி’. அதைப் பதிக்க ஷார்ஜாவில் பட்டாணியரான ஒரு கொத்தனாரிடம் பேசி, நினைவு நாளான புதன்கிழமை காலை என்று முடிவு செய்திருந்தோம். அப்போது நான் அங்கே நிற்க வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே காரியம் அதுதான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் முடியாது. பெலிக்ஸுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்துவிட்டது. மார்ச் கடைசியில் அவர்கள் மூவரும் கிளம்புகிறார்கள். அதன்பின் ஏஜென்சியில் பணம் கட்டி நான் விசா வாங்கலாம், வரலாம். ஆனால் வந்து இறங்கிக் கதவைத் தட்ட அந்த நாட்டில் எனக்கு ஒரு வீடு இருக்காது.

எல்லாவற்றுக்கும் நடுவில் இந்தப் பயணம் வந்தது பேத்தி மெர்லினால். ஒன்பது வயது. நியூசிலாந்தில் ஒரு குகையின் கூரை முழுக்க ஒளிவிடும் புழுக்கள் தொங்குமாம்; படகில் அதன் கீழே போனால் வானத்து நட்சத்திரங்களுக்குக் கீழே போவதுபோல இருக்குமாம். கைப்பேசியில் அதைப் பார்த்ததிலிருந்து குகை, குகை என்று உயிரை வாங்கினாள். ஓமானில் மலைக்கடியில் ஒரு பெரிய குகை உண்டு, காரிலேயே போய்விடலாம் என்று பெலிக்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டான். இங்கிருந்து போகுமுன் கடைசியாக ஒரு சுற்று என்பது அவன் கணக்கு.

“புதன்கிழமை முடியட்டும்ல. பொறகு போவோம்” என்று அன்று காலை பைகளை எடுக்கும் முன்பும் சொல்லிப்பார்த்தேன்.

“புதனுக்கு நாலு நாள் கெடக்குப்பா. நாளைக்கு ராத்திரி இந்த சோபாவுல உக்காந்து டீ குடிப்பீங்க. டென்ஷன் ஆகாதீங்க” என்றான்.

அல் ஐனை நெருங்கும்போது பனி விலகி, ஹஃபீத் மலை முதுகைக் காட்டியது. அந்த ஊரில்தான் பெலிக்ஸ் பிறந்தான். அந்தக் காலத்தில் அல் ஐனுக்கும் ஓமானைச் சேர்ந்த புரைமிக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. ஒரு தெரு எமிரேட்ஸ், அடுத்த தெரு ஓமான். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நானும் ரெஜினாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புரைமிச் சந்தைக்குப் போவோம். அங்கே மீன் மலிவு. காய்கறிக் கூடையோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து திரும்புவோம். பாஸ்போர்ட் கம்பெனியில் பூட்டிக் கிடக்கும். பிறகு ஒரு வருடம் வேலி வந்தது. அதன் பின்னும் எனக்குக் கஷ்டமில்லை. குடியிருப்பு விசாக்காரன் போய்வரலாம். அடுத்த நாடு நம்மை உள்ளே விடுமா என்பது மட்டும்தான் கவலை. திரும்பி வருவதைப் பற்றி யோசித்ததே இல்லை. முப்பத்தேழு வருடப் பழக்கம் அது.

எல்லைச் சாவடியில் வெளியேறும் கட்டணம் என்று தலைக்கு முப்பத்தைந்து திர்ஹம் கேட்டார்கள். பெலிக்ஸ் அட்டையை நீட்டினான். என்னுடையதை நானே கட்டுவேன் என்று பிடிவாதமாகப் பணத்தை எடுத்துக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். வெளியே போவதற்குக் கூடவா காசு என்று முணுமுணுத்தேன். கூண்டுக்குள் இருந்த இளைஞன் என் மகனைவிடச் சின்னவன். பாஸ்போர்ட்டைப் புரட்டி, “பாபா, நிறைய வருடம் இங்கே இருந்தாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“முப்பத்தேழு.”

“மாஷா அல்லாஹ்! என்னைவிட அதிகம்” என்று சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு திரையைப் பார்த்தவன், “விசா இருக்கிறதா?” என்றான். இருக்கிறது என்று சொல்லி ஓமான் விசாத் தாளை நீட்டினேன். அவன் அதை ஒரு கணம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் நாளைக்கே திரும்புகிறேன், குகை பார்க்கப் போகிறேன் என்றேன். தலையசைத்து முத்திரை குத்தினான். அவன் கேட்டது எந்த விசாவை என்று மறுநாள்தான் விளங்கியது.

ஓமானுக்குள் நுழைந்ததும் நிலம் மாறிவிடும். மணல் குறைந்து கல் வரும். சாம்பல், தவிட்டு நிறம், சில இடங்களில் பச்சை கலந்த கறுப்பு என்று மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும். மரமே இல்லாத அந்த மலைகளின் இடுக்கில் திடீரென்று ஒரு பேரீச்சந்தோப்பும் ஒரு வெள்ளைப் பள்ளிவாசலும் தெரியும். பெலிக்ஸ் அடிக்கடி வண்டியை நிறுத்திப் படம் எடுத்தான். ரெஜினா இருந்திருந்தால் ஒரு இடத்திலும் இறங்கியிருக்க மாட்டாள். மொட்டை மலையில் என்ன இருக்கு, வேகமா ஓட்டு, போய் மீன் வாங்கணும் என்பாள்.

குகை வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழிகாட்டியாக வந்தவர் சலீம் என்ற ஓமானி இளைஞர், வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியும் அணிந்திருந்தார். உள்ளே வெளியைவிடக் கதகதப்பு, காற்றில் ஈரம். கூரையிலிருந்து இறங்கிய கல்லும் தரையிலிருந்து ஏறிய கல்லும் சில இடங்களில் தொட்டுக்கொண்டு தூணாகிவிட்டிருந்தன, சில இடங்களில் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. மெர்லின் எதையும் பார்க்கவில்லை. கழுத்து வலிக்கக் கூரையையே தேடினாள்.

“தாத்தா, குளோ வோர்ம்ஸ் எங்க?”

“கேட்டுச் சொல்லுதேன்” என்று சலீமிடம் கேட்டேன். ஒளிவிடும் புழு என்பதை என் ஆங்கிலத்தில் அவர் பாம்பு என்று எடுத்துக்கொண்டு, “பயப்படாதே பாபா, இங்கே ஒன்றும் கடிக்காது” என்று என் தோளைத் தட்டினார். ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் அவர் மெர்லினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இங்கே ஒளிவிடுவது எதுவும் இல்லை, வேறு ஒன்று இருக்கிறது என்று தண்ணீர் ஓரம் அழைத்துப்போனார். விரல் நீளத்தில் வெளிறிய இளஞ்சிவப்பு மீன்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடியிருந்தது. இதே மீன் வெளியே ஓடைகளிலும் உண்டு, அவற்றுக்குக் கண் இருக்கிறது என்றார். எப்போதோ வெள்ளத்தில் உள்ளே வந்தவற்றின் வம்சம் இது. இருட்டில் தேவைப்படாததால் போய்விட்டது.

“வெளிய கொண்டு விட்டா கண் திரும்ப வருமா?” என்று மெர்லின் கேட்டதை நான் அவருக்குச் சொன்னேன்.

“இவற்றுக்கு வராது” என்றார் சலீம். “இவை இங்கேயே இருக்க வேண்டியவை.”

மெர்லின் ஏமாந்துபோனாள். “இட்ஸ் ஓகே, நியூசிலாந்துல பார்த்துக்கலாம்” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் படிகளில் ஏறினேன். யார் யாரைப் பிடித்து ஏற்றினோம் என்று சொல்ல முடியாது.

அன்றிரவு நிஸ்வாவில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லைக்குத் திரும்பினோம். ஓமான் பக்கம் முத்திரை ஆனது. எமிரேட்ஸ் பக்கம் வேறொரு அதிகாரி, நடுவயதுக்காரர். மற்ற மூன்று பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

“பாபா, விசா மாஃபி.”

இருக்கிறதே என்று இரண்டு மாத விசாவை எடுத்துக் காட்டினேன். இன்னும் ஐந்து வாரம் பாக்கி என்று விரலால் எண்ணியும் காட்டினேன். அவர் பேனா முனையால் அந்தத் தாளின் ஒரு வரியைத் தொட்டார். ஒருமுறை நுழைவு. உள்ளே வந்தாயிற்று, நேற்று வெளியே போயாயிற்று, கலாஸ், முடிந்தது. நாள் பாக்கி இருந்து பயனில்லை. ஆறு பைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியவன் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. படித்திருப்பேன். அது எனக்கு எழுதியது என்று தோன்றவில்லை. திரும்பி வருவது குறித்த வரிகள் எனக்குப் பொருந்தாதவை என்று முப்பத்தேழு வருடம் தாண்டித் தாண்டிப் படித்த கண் அது. பெலிக்ஸுக்கும் அதே கதிதான். பிறந்ததிலிருந்து அப்பாவுக்கு இந்த நாட்டில் விசா இருக்கிறது என்ற நினைப்பிலேயே வளர்ந்தவன்.

அவன் பள்ளியில் படித்த அரபியில் கெஞ்சினான். என் அம்மா இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், நான் இங்கேதான் பிறந்தேன், அம்மாவின் கல்லறை இங்கே இருக்கிறது, புதன்கிழமை நினைவு நாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். அதிகாரி முகம் சுளிக்கவில்லை. எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், தன் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். புது விசா வந்தால் இந்தக் கதவிலேயே நானே வந்து வரவேற்கிறேன் என்றார். மரியாதையாகச் சொன்ன மறுப்புக்கு எதிராக என்ன சண்டை போடுவது? பெலிக்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்து கிடைத்தபோது இருந்ததுபோல் இருந்தது.

“அப்பா... நான் பாத்திருக்கணும்பா.”

“நானும்தான் பாக்கல. விடுல” என்றேன்.

“தாத்தா ஏன் வரல?” என்று மெர்லின் காரிலிருந்து கத்தினாள். “ஹி லிவ்ட் ஹியர், ரைட்?”

ஓமான் பக்கம் குத்திய முத்திரையை அவர்களே ரத்துசெய்து எங்கள் நால்வரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுற்றுப்பாதையில் இருட்டும் நேரம் புரைமி வந்து சேர்ந்தோம். ஒரு மலையாளி கஃபட்டீரியாவுக்கு மேலே அறை கிடைத்தது. மறுநாள் பெலிக்ஸுக்கு டியூட்டி, பிள்ளைக்குப் பள்ளி. என் மாத்திரைகளையும் தன் சட்டை ஒன்றையும் வைத்துவிட்டு, எதையோ மறந்தவனைப்போல இரண்டு முறை படியேறி வந்தான். இரண்டாவது முறை சும்மா நின்றுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை ஷார்ஜாவில் ரோலாவிலுள்ள ஒரு ஏஜென்சியில் விசாவுக்கு விண்ணப்பித்தான். மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள். அவசரக் கட்டணம் கட்டினால் இரண்டு. கட்டினான். நான் மணிக்கொரு முறை போன் செய்து அவன் வேலையைக் கெடுத்தேன். ‘பிராசஸில் இருக்கிறது’ என்ற ஒரே பதில்தான். கஃபட்டீரியாக்காரர் பால் சேர்க்காத சுலைமானி டீயை என் முன்னால் வைத்து, “சாரே, விசமிக்காதீங்க, வருத்தம் வேண்டா. இந்தப் பெஞ்சில உக்காந்து வெயிட் பண்ணின ஆளுங்க கொஞ்சமில்லா. ஒருத்தன் இருபது நாள் இருந்து எனக்குச் சாம்பார் வைக்கப் பழக்கிட்டுப் போனான். உங்களுக்கு என்ன அறியும்?” என்றார்.

“எண்ணத் தெரியும்.”

“அப்ப நம்ம கல்லாவுல உக்காருங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை வரை விசா வரவில்லை. கொத்தனாரை வேறு நாளுக்கு மாற்றலாமா என்று பெலிக்ஸ் கேட்டான். ஓமானில் எனக்குக் கொடுத்த நாள் குறைவு. அது முடிவதற்குள் விசா வரும் என்று யார் சொல்ல முடியும்? நாள் தவறக்கூடாது, நீ போய் நில் என்றேன். சிமெண்ட் விகிதம், பலகைக்கு அடியில் விட வேண்டிய ஈரம், ஓரத்தில் பூச வேண்டிய வெள்ளை எல்லாம் சொன்னேன். எல்லாம் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை அறையில் இருக்க முடியாமல் வேலி வரைக்கும் நடந்தேன். பழைய சந்தை இருந்த பக்கம் வேறு கடைகள். வேலிக்கு அப்பால் அல் ஐனின் சாலை, பள்ளிப் பேருந்துகள், நாங்கள் குடியிருந்த பகுதியின் தண்ணீர்த் தொட்டி. ஹஃபீத் மலை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நின்றது. எட்டரைக்குக் கைப்பேசி அடித்தது. வாட்ஸாப்பில் படத்தோடு பேசுவது அங்கே ஓடாது, வேலியோரம் என் கைப்பேசிக்கு இணையமும் இல்லை, வெறும் குரல்தான்.

“அப்பா, கல்லறைக்கு வந்தாச்சு. ஒரு டவுட். பலகையில எது மேல்பக்கம்?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெலிக்ஸ் நன்றாகத் தமிழ் பேசுவான். ஆனால் அவன் பள்ளியில் அரபியும் இந்தியும் ஆங்கிலமும்தான். வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம் என்று ரெஜினாவும் நானும் ஒவ்வொரு லீவிலும் பேசிக்கொண்டோம். ஒருவருக்கு இரவு டியூட்டி என்றால் மற்றவருக்குப் பகல் டியூட்டி. பலகையில் நான் சிலுவைகூட வெட்டச் சொல்லவில்லை. பழைய கல்லில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

கலவை காய்ந்துவிடும் என்று பின்னால் கொத்தனார் அவசரப்படுத்துவது கேட்டது. “ஜல்தி கரோ பாய், மசாலா சூக் ஜாயேகா!”

“கேளுல” என்றேன். “ரெண்டு வரி இருக்கு பாரு. ரெண்டு வரியிலயும் ஒரு எழுத்துக்கு மட்டும் குடை மாதிரி வளைஞ்சு நிக்கும். தெரியுதா?”

“தெரியுது. ரெண்டு குடையும் கீழ தொங்குதுப்பா.”

“அப்போ தலைகீழா வச்சிருக்க. திருப்பு.”

கல் உரசும் ஓசை கேட்டது. “இரு பாய், இரு” என்று அவன் சொல்வதும் கேட்டது.

“இப்போ குடை மேல இருக்கு.”

“அதான் சரி.”

“அப்பா...” என்று நிறுத்தினான். “இதுல அம்மா பேரு எந்த லைன்?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்து திரும்பியது. அது போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேல உள்ளது” என்றேன். “மேல இருக்குறது அம்மா. கீழ இருக்குறது ஊரு.”

அவன் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கொத்தனாரிடம், “பஸ், டீக் ஹை. லகா தோ” என்று பதிக்கச் சொன்னான். கரண்டி கல்லில் தட்டும் ஓசையைக் கடைசி வரை கேட்டேன். இறந்தோருக்கான செபம் எனக்கு மனப்பாடம். வேலியைப் பிடித்துக்கொண்டு நான் இங்கே சொன்னேன். அவன் அங்கே ஆமென் மட்டும் சொன்னான்.

ஓமானில் என் நாள் முடியும் வரை காத்திருந்தும் விசா வரவில்லை. மஸ்கட்டுக்குப் பேருந்தில் போய் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறினேன். ஊர் வந்த மூன்றாம் நாள் விசா வந்தது. பெலிக்ஸ் அனுப்பிய தாளை இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒருமுறை நுழைவு. மறுபடி புறப்படலாம் என்றான் அவன். அதற்குள் அவர்கள் வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கியிருந்தார்கள். நான் தூங்கும் சோபாவைத்தான் முதலில் கொண்டுபோனார்களாம். வேண்டாம் என்றேன். மார்ச் கடைசியில் அவர்கள் பறந்தார்கள். மெர்லின் அங்கே குகைக்குப் போய்விட்டு எனக்குப் பேசினாள். “தாத்தா, படம் எடுக்க விடல. பட் நிஜமாவே ஸ்டார்ஸ் மாதிரி இருக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், முடியல.”

உவரியில் எங்கள் குடும்பக் கல்லறையில் இரண்டு பேருக்கான இடம் விட்டிருக்கிறோம். அவளுக்கென்று விட்ட பாதி மணலாகக் கிடக்கிறது. கடல்காற்று அடித்தால் அங்கே மணல் ஏறும், நான் போய் ஒதுக்குகிறேன். ஷார்ஜாவில் அவள் பக்கத்து மணலை ஒதுக்க யாருமில்லை. ஆனால் அங்கே அவள் பெயருக்குக் கீழே உவரி என்று எழுதியிருக்கிறது, குடை மேலே இருக்கிறது.

விமானம், அறை, விசாக்கள், கொத்தனார் கூலி எல்லாம் பெலிக்ஸ் கட்டினான். எவ்வளவு ஆயிற்று என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. அந்த நாட்டைவிட்டுக் கடைசியாக வெளியே வர என் கையிலிருந்து போனது இவ்வளவுதான், ரசீது பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது: முப்பத்தைந்து திர்ஹம்.